படத்தின் அடியில் இல்லாத பெயர்கள்

வரி கொடுப்பது முறையா என்று கேட்டு வந்தவர்களிடம் நம் ஆண்டவர் ஒரு நாணயத்தைக் காட்டச் சொன்னார். அதிலுள்ள உருவம் யாருடையது, எழுத்து யாருடையது என்று திருப்பிக் கேட்டார். இந்நிகழ்ச்சியை அரசுக்கும் ஆலயத்துக்கும் உள்ள எல்லையைக் காட்டுவதாகவே நம் மறையுரைகள் பெரும்பாலும் விளக்கி வந்துள்ளன. ஆனால் அது ஒரு கலைத் திறனாய்வாளர் கேட்க வேண்டிய கேள்வியும் ஆகும். பேரரசனின் முகம் தாங்கிய நாணயமும் ஒருவகை அச்சுப் படமே. ஒரே முத்திரையினின்று ஆயிரக்கணக்கில் அடிக்கப்பட்டு, அரசன் கால் வைக்காத ஊர்களுக்கும் அவனது ஆட்சியைக் கொண்டு சேர்ப்பது அது. உருவத்தைப் பார், எழுத்தைப் பார், இப்படம் யாருக்காக உழைக்கிறது என்று எண்ணிப் பார் என்பதே அக்கேள்வியின் பொருள் எனலாம். நம் கரையையும் நம் மக்களையும் குறித்து ஒல்லாந்தர் அச்சிட்ட படங்களிடம் அதே கேள்வியை இங்கே கேட்க முற்படுகிறோம்.

செஞ்சிக் கோட்டையின் நிழலில் வாழும் நமக்கு ஒல்லாந்தர் தொலைவான பெயராகத் தோன்றலாம். ராஜகிரியும் கிருஷ்ணகிரியும் சந்திரகிரியும் நாயக்கர், பிஜப்பூரார், மராட்டியர், முகலாயர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் ஆகியோரையே நினைவூட்டுகின்றன. 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இக்கோட்டை இடம்பெற்றதும் மராட்டியரின் கோட்டைத் தொகுதியில் ஒன்றாகவே. ஆயினும் தமிழ்க் கரையில் ஒல்லாந்தர் காலூன்றிய வரலாற்றின் தொடக்கத்தில் செஞ்சி இருக்கிறது. 1602-இல் அமைந்த அவர்களது கிழக்கிந்தியக் கம்பெனி, 1608-இல் செஞ்சி நாயக்கரின் இசைவைப் பெற்றே கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில் தங்கியது. அவர்கள் நாடி வந்தது நம் நெசவாளர் நெய்த துணியை. அத்துணியைக் கொடுத்துத்தான் கிழக்குத் தீவுகளில் மிளகும் கிராம்பும் சாதிக்காயும் வாங்க முடிந்தது.

துணியோடு வணிகம் நின்றுவிடவில்லை. 1645-ஆம் ஆண்டையொட்டிச் செஞ்சி, தஞ்சை, மதுரை நாயக்கர்கள் மேலரசை எதிர்த்துக் கிளர்ந்தபோது நாடு பாழாயிற்று, பஞ்சம் தொடர்ந்தது. 1646-இல் 2,118 பேர் அடிமைகளாகப் பத்தாவியாவுக்குக் கப்பலேற்றப்பட்டனர் என்றும், அவர்களுள் மிகப் பெரும்பாலோர் சோழமண்டலத்தின் தென்பகுதியினர் என்றும் கம்பெனியின் ஏடுகளை ஆராய்ந்தோர் காட்டியுள்ளனர். 1659 முதல் 1661 வரை நாகப்பட்டினம், பழவேற்காடு முதலிய துறைகளில் கம்பெனி விலைக்கு வாங்கிய மக்கள் 8,000 முதல் 10,000 வரை. அவர்களுள் பெரும்பகுதியினர் இலங்கைக்கு அனுப்பப்பட்டனர். கணக்கேட்டில் இவர்கள் எண்களாக நிற்கிறார்கள். இவர்களுக்கு முகம் தரும் படத்தை நாம் எங்கே தேடுவது?

செப்புத் தகடும் மூன்று பெயர்களும்

படத்தை மதிப்பிடுமுன் அது உருவாகும் முறையை அறிந்துகொள்வது நலம். பளபளப்பாகத் தேய்த்த செப்புத் தகட்டில் கூரிய உளியால் கோடுகளைக் கீறுவார்கள். அல்லது மெழுகு பூசி, அதில் ஊசியால் வரைந்து, அமிலத்தால் அரிக்க விடுவார்கள். பள்ளங்களில் மை இறங்கும். மேற்பரப்பைத் துடைத்து, நனைத்த தாளை அதன்மேல் வைத்து, உருளைகளுக்கிடையே அழுத்தி இழுத்தால் மை தாளில் ஏறும். தகட்டில் வலமாக இருப்பது தாளில் இடமாக வரும். ஆகையால் செதுக்குபவர் எல்லாவற்றையும் தலைகீழ் மனத்தோடு செதுக்க வேண்டும். நூற்றுக்கணக்கான படிகள் எடுத்தபின் தகடு தேயும். வண்ணம் வேண்டுமெனில் ஒவ்வொரு தாளிலும் கையால் தீட்ட வேண்டும். ஐரோப்பியப் பட்டறைகளில் அவ்வேலையைப் பெண்களும் சிறுவரும் குறைந்த கூலிக்குச் செய்து வந்தனர்.

இப்படங்களின் அடியோரத்தில் நுண்ணெழுத்தில் பெயர்கள் காணப்படும். பெரும்பாலும் இடப்புறம் வரைந்தவர் பெயர். வலப்புறம் செதுக்கியவர் பெயர். இவற்றோடு வெளியிட்டவர் பெயர். ஐரோப்பிய அச்சுக்கலை இம்மூன்று பெயர்களையும் காத்து வந்தது பாராட்டத்தக்கதே. செதுக்கியவரை வரைந்தவருக்கு இணையாக வைத்த நேர்மை அதில் உண்டு. ஆயினும் வண்ணம் தீட்டிய பெண்ணின் பெயர் அங்கே இல்லை. வரைந்தவரைக் காட்டு வழியே சுமந்து சென்றவர், அவருக்கு மொழி பெயர்த்துச் சொன்னவர், படத்தில் காணும் கட்டடத்தைக் கட்டியவர், அப்படத்துக்கான செலவை ஈட்டித் தந்த துணியை நெய்தவர் ஆகியோர் பெயர்களும் இல்லை. உழைப்பில் எது கலையாகக் கணக்கிடப்படும், எது கணக்கிடப்படாது என்பதை அந்த அடிவரி முடிவு செய்துவிடுகிறது. நாம் எடுத்துக்கொள்ளும் எடுத்துக்காட்டுகள் அனைத்தையும் இந்த அடிவரியோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

ஆலயம் இருக்கிறது, மக்கள் எங்கே?

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் படங்களுக்கு வருமுன், அவற்றுக்கு முன்னோடியான ஒரு நூலைக் காண்போம். பிலிப்புஸ் பால்தேயுஸ் என்னும் சீர்திருத்தச் சபைப் போதகர், 1658-இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றியபின் அங்கே பணியாற்றினார். மலபார், சோழமண்டலம், இலங்கை ஆகியவற்றைப் பற்றிய அவரது பெருநூல் 1672-இல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. தமிழ் எழுத்துகளையும் செதுக்கிக் காட்டிய நூல் அது. தெல்லிப்பழை, மல்லாகம், அச்சுவேலி, வட்டுக்கோட்டை, பண்டத்தரிப்பு முதலிய யாழ்ப்பாணத்து ஊர்களின் ஆலயங்களை அதில் செப்புத் தகட்டுப் படங்களாகக் காண்கிறோம்.

படங்கள் அமைதியானவை. கட்டடம் ஒழுங்காக நிற்கிறது; மரங்கள் நிற்கின்றன; மக்கள் சிறு உருவங்களாக வந்து போகிறார்கள். ஆனால் இவ்வாலயங்கள் கத்தோலிக்கக் குருக்களும் தமிழ் மக்களும் எழுப்பியவை. புதிய ஆட்சி அவற்றைத் தனதாக்கிக்கொண்டு, பழைய வழிபாட்டைத் தடை செய்தது. கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலம் தருவோருக்கு மரண தண்டனை என்று கட்டளை பிறந்தது. ஆக, இப்படங்கள் வெறும் ஊர்க்காட்சிகள் அல்ல. கைப்பற்றிய உடைமையின் பட்டியல். பட்டியல் எழுதுவோர் பொருளைக் குறிப்பார். முன்னாள் உடையவரின் கண்ணீரைக் குறிக்க மாட்டார்.

இதைச் சொல்லும்போது நீதியின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். முன்பு போர்த்துக்கீசியர் யாழ்ப்பாணத்தில் சைவக் கோவில்களை இடித்தனர். நம் ஆலயங்கள் பறிபோன கதையை மட்டும் சொல்லி, அவற்றுக்கு முன் அம்மண்ணில் இருந்த கோவில்களைச் சொல்லாது விட்டால், நாமும் பால்தேயுஸின் செதுக்குநரைப் போலவே வேண்டியதை மட்டும் கீறுபவர் ஆவோம்.

அப்படங்களில் இல்லாத திருச்சபை வேறோரிடத்தில் வாழ்ந்தது. 1687-இல் கோவாவிலிருந்து ஒரு குரு கூலியாளின் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து, இரவில் வீடு வீடாகச் சென்று மறைந்து வாழ்ந்த விசுவாசிகளைத் தேற்றினார். அவரே 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராக அறிவித்த யோசேப்பு வாஸ். உழைப்பாளியின் கோலம் அவருக்குப் பாதுகாப்பாயிற்று. ஏனெனில் அதிகாரத்தின் கண் கூலியாளை நிமிர்ந்து பார்ப்பதில்லை. ஒல்லாந்தப் படங்களில் நாம் காணும் குறையும் அதுவே.

ஒல்லாந்தர் எல்லாரும் ஒரே வகையில் நடந்தனர் என்பதற்கில்லை. கொச்சியின் ஆளுநர் வான் ரேடே தொகுத்து, 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்த மலபார் மூலிகை நூலை இங்கே நினைக்க வேண்டும். கார்மேல் சபைக் குரு மத்தேயு அதன் தொடக்கப் பணிக்குத் துணை நின்றார். ஈழவ மருத்துவர் இட்டி அச்சுதனின் வாக்குமூலம் அவர் எழுதிய எழுத்திலேயே செதுக்கி அச்சிடப்பட்டது. செடிகளின் பெயர்கள் மலையாள எழுத்திலும் பொறிக்கப்பட்டன. அறிவைத் தந்தவரின் பெயருக்கு ஒரு தகட்டை ஒதுக்குவது அக்காலத்திலும் இயன்றதே என்பதற்கு அந்நூல் சான்று. ஆனால் அங்கும் மரமேறிக் காய் பறித்தவர், காட்டிலிருந்து செடி சுமந்து வந்தவர் பெயர்களைக் காணோம்.

பல்லக்கில் வந்த கலைஞர்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் கரையைப் பற்றி ஒல்லாந்த மொழியில் எழுதியவர்களுள் யாக்கோப் ஹாஃப்னர் தனித்து நிற்கிறார். தரங்கம்பாடிக்கு மறைபரப்பாளர்களை அனுப்பிய ஜெர்மானிய நகரமான ஹால்லேயில் 1754-இல் பிறந்தவர் அவர். தந்தை கம்பெனிக் கப்பலின் மருத்துவர். இளமையிலேயே தந்தையை இழந்து, கடலோடியாக அலைந்து, நாகப்பட்டினத்தில் கம்பெனியின் கணக்கு வேலையில் அமர்ந்தார். பின்னர்ச் சதுரங்கப்பட்டினத்துக்கு மாறினார். அவ்வூரை 1781-இல் ஆங்கிலேயர் பிடித்தபோது சிறைப்பட்டுச் சென்னைக்குக் கொண்டு செல்லப்பட்டார். அது ஐதர் அலியின் படையெடுப்புக் காலம். செஞ்சியும் 1780-இல் அவர் வசமாகியிருந்தது. சென்னைத் தெருக்களில் மக்கள் பசியால் மடிந்ததை ஹாஃப்னர் கண்ணால் கண்டார். அதை அவர் மறக்கவில்லை. 1806-இல் வெளிவந்த நூலில் ஆங்கிலேயரைக் கடுமையாகச் சாடினார்.

1786-இல் ஒரிசா, சோழமண்டலக் கரைகளின் வழியே அவர் செய்த பயணத்தை விவரிக்கும் நூல், 1808-இல் ஆம்ஸ்டர்டாமில் இரண்டு தொகுதிகளாக வந்தது. பல்லக்குப் பயணம் என்பதே அதன் பெயர். அவரே வரைந்த ஓவியங்களைக் கொண்டு செதுக்கிய படங்கள் அதில் உள்ளன. நம் மக்களை இகழாமல் பார்த்த கண்கள் அவருடையவை. மாமியா என்னும் நடனப் பெண்ணிடம் அவர் கொண்ட அன்பும், அவள் இறப்பால் உற்ற துயரமும் அந்நூலின் உயிர்நாடி. இராமாயணத்தையும் தம் மொழிக்குக் கொண்டு வந்தார். குடியேற்ற ஆட்சியை, அதன் மையத்திலேயே நின்று கண்டித்த அரிய குரல்களுள் ஒன்று அவருடையது.

இத்தகையவரின் படங்களையும் நாம் திறனாய வேண்டுமா? வேண்டும், நல்லவரின் படைப்பே திறனாய்வின் உரைகல். மூன்று செய்திகளைக் குறிப்பிடுவோம்.

முதலாவது, கைமாற்றம். கரையில் நின்று வரைந்த கை ஹாஃப்னருடையது. தகட்டில் செதுக்கிய கை ஆம்ஸ்டர்டாமில் இருந்தது. பனையையும் கோபுரத்தையும் கண்டறியாத செதுக்குநர் தாம் பயின்ற ஐரோப்பிய முறைப்படியே நிழலும் ஒளியும் இடுவார். உடல்களுக்குக் கிரேக்கச் சிலைகளின் வாகு தருவார். அது அவர் குற்றமன்று. அவர் கூலிக்கு உழைத்த கைவினைஞர். எனினும் நம் கரையின் உடலும் ஒளியும் அங்கே மொழிபெயர்க்கப்பட்டுவிடுகின்றன.

இரண்டாவது, காலம். 1808-இல் ஒல்லாந்தருக்கு நம் கரையில் ஆட்சி இல்லை. கம்பெனி 1799-இன் இறுதியோடு முடிந்துவிட்டது. 1795 முதல் அவர்களுடைய ஊர்கள் ஆங்கிலேயர் பிடியில் இருந்தன. 1818-இல் சில திரும்பக் கிடைத்து, 1825-இல் பழவேற்காடும் சதுரங்கப்பட்டினமும் நிலையாகவே கைமாறின. ஆகவே அந்நூலைப் புரட்டிய ஆம்ஸ்டர்டாம் வாசகர், தம் நாடு இழந்துவிட்ட கரையைத்தான் பார்த்தார். நிலம் போனபின்பும் படம் கையில் இருக்கிறது. ஹாஃப்னர் கண்டிக்க எழுதியதை, ஏங்கிப் பார்க்கவும் வாசகரால் முடியும். அழகான படத்துக்கு அந்த ஆபத்து என்றும் உண்டு.

மூன்றாவது, பல்லக்கு. நெடும்பயணப் பல்லக்கை முறை மாற்றித் தூக்க எட்டுப் பேருக்குக் குறையாமல் வேண்டும். இரவில் தீவட்டி பிடிப்போர் வேறு. மணலிலும் ஆற்றிலும் நடந்தவை அவர்கள் கால்கள். அமர்ந்து குறிப்பெழுதியது ஒருவர் கை. நூலின் தலைப்பில் பல்லக்கு ஏறிவிட்டது. ஆனால் தூக்கியவர்களின் தோள் இல்லாமல் அந்நூலில் ஒரு கோடும் இல்லை என்பதை எந்தத் தலைப்பேடும் சொல்லவில்லை. மனித நேயம் மிக்க ஒருவரின் பார்வையும் எட்டுப் பேரின் தோள்மீது இருந்தே பிறந்தது. இதுவே குடியேற்றக் காலக் கலையின் அடிப்படை அமைப்பு. தனி மனிதரின் நற்பண்பு அதை மென்மையாக்கலாம், மாற்ற இயலாது.

ஹாஃப்னரோடு நமக்கு வேறொரு வழக்கும் உண்டு. மறைபரப்பாளர்களால் விளைந்த பயன் என்ன என்று ஹார்லெமின் டெய்லர் இறையியல் கழகம் நடத்திய போட்டியில் 1805-இல் பரிசு பெற்று, 1807-இல் அச்சான அவரது கட்டுரை, மறைபரப்புப் பணியைக் கடுமையாகத் தாக்கியது. ஐரோப்பியரின் பேராசையும் கொடுமையும் அவர்கள் போதிக்கும் மறையைப் பொய்யாக்குகின்றன என்பது அவரது வாதம். நம் கரையில் தமிழைக் கற்று, மக்களோடு வாழ்ந்து, மக்களுக்காக மாண்ட அருட்பணியாளர்களை நினைக்கையில் அவ்வாதம் முழு உண்மை அன்று என்போம். ஆயினும் அதைப் பகைவரின் சொல்லென்று ஒதுக்குவது அறிவுடைமையாகாது. பல்லக்கில் ஏறியவர்களுள் அருட்பணியாளரும் இருந்தனர். நற்செய்தி எந்தக் கப்பலில் வந்தது, அக்கப்பலின் அடித்தளத்தில் யார் இருந்தனர் என்ற கேள்வியை அவர் நம்முன் வைத்தார். இறையியல் பயின்றோர் அக்கேள்விக்கு நன்றி சொல்ல வேண்டும்.

கல்லச்சும் புகையிலையும்

பத்தொன்பதாம் நூற்றாண்டு நடுப்பகுதியில் செப்புத் தகட்டின் இடத்தைக் கல்லச்சு பெருமளவு பிடித்துக்கொண்டது. எண்ணெய்ப் பசையுள்ள கரித்துண்டால் சுண்ணக்கல்லில் வரைந்து படியெடுக்கும் இம்முறையில் மென்மையான ஒளியும் மேகமும் எளிதில் வந்தன. வண்ணத்தையும் கல்லிலிருந்தே ஏற்றலாயினர். யுங்ஹூன் என்பவர் 1853-54 அளவில் வெளியிட்ட சாவகத் தீவின் பதினொரு காட்சிகள் இக்கலையின் உயர்ந்த எடுத்துக்காட்டு. எரிமலைகள் அமைதியாக நிற்கின்றன; வானம் தெளிந்திருக்கிறது. அதே தீவில் 1830 முதல், உழவர்கள் அரசுக்காகக் கரும்பும் காப்பியும் அவுரியும் பயிரிடக் கட்டாயப்படுத்தப்பட்டனர். 1849-50-இல் தெமாக் பகுதியில் பெரும் பஞ்சம் வந்தது. மலையின் அழகு பொய்யன்று. ஆனால் மலையடிவாரத்தின் பசி அந்த அழகுக்குள் அடங்கவில்லை. அதைப் படமாக்காமல் கதையாக்கியது, 1860-இல் முல்தாத்தூலி எழுதிய மாக்ஸ் ஹாவெலார் என்னும் புதினம்.

நம் மக்களின் கதை சுமத்திராவில் தொடர்கிறது. 1863-இல் டெலிப் பகுதியில் ஒல்லாந்தர் புகையிலை பயிரிடத் தொடங்கினர். சீனரும் சாவகரும் தமிழரும் கூலிகளாக அங்கே உழைத்தனர். தமிழர் பெரும்பாலும் மாட்டுவண்டி ஓட்டினர், சாலையும் வாய்க்காலும் வெட்டினர். ஒப்பந்தத்தை மீறிய கூலியைச் சிறையிலிட 1880-இன் சட்டம் இடமளித்தது. அக்கொடுமைகளை வான் டென் பிராண்ட் என்னும் வழக்கறிஞர் 1902-இல் சிறுநூல் எழுதி வெளிப்படுத்தினார். தோட்டங்களைக் காட்டும் ஒளிப்படத் தொகுப்புகளும் அக்காலத்தில் வந்தன. அவற்றில் தோட்ட நிறுவனத்துக்குப் பெயர் உண்டு. படமெடுத்தவருக்குப் பெயர் உண்டு. நம்மவர்க்கு இருந்தது ‘கிளிங்’ என்னும் இனப்பெயர் ஒன்றே. இன்று மேடானில் 2005-இல் எழுந்த வேளாங்கண்ணி அன்னை ஆலயமும், கம்போங் மெட்ராஸ் என்னும் பகுதியும் பெயரிழந்த அவ்வுழைப்பாளிகளின் வழித்தோன்றல்களை நினைவுபடுத்துகின்றன. 2023 ஜூலை 1 அன்று நெதர்லாந்து மன்னர் தம் நாட்டின் அடிமை வணிகத்துக்காக மன்னிப்புக் கோரினார். வேண்டிய சொல்தான், எனினும் 1646-இல் கப்பலேறிய 2,118 பேருக்கு அச்சொல் பெயர் தந்துவிடாது.

நம் அடிவரிகள்

உருவமும் எழுத்தும் பொறித்த நாணயத்துக்குத் திரும்புவோம். நாணயத்தில் சீசரின் உருவம் இருப்பதுபோல மனிதரில் இறைவனின் உருவம் பொறிக்கப்பட்டுள்ளது என்று தெர்த்துல்லியனும் அகுஸ்தீனும் விளக்கினர். அப்படியாயின் உழைப்பவரின் முகத்தையும் பெயரையும் நீக்கிவிட்டு வரையப்படும் படம், கலைக்குறை மட்டுமன்று. அது இறையுருவைத் தேய்ப்பதாகும். அழகிய படங்களை வெறுக்க வேண்டும் என்பது நம் கருத்தன்று. அவற்றின் கோடுகளை வியந்து, அடிவரியை ஐயத்தோடு படிக்க வேண்டும் என்பதே.

அவ்வையத்தை ஒல்லாந்தர்மீது மட்டும் செலுத்துவது எளிது. புதுவைக் கடற்கரையில் காந்தியடிகளின் சிலையைச் சூழ நிற்கும் கற்றூண்கள், பிரெஞ்சுக்காரர் காலத்தில் செஞ்சியிலிருந்து கொண்டு செல்லப்பட்டவை. அவற்றோடு நின்று படமெடுத்துக்கொள்வோர் பலர். அவற்றைச் செதுக்கிய தச்சரையும் இழுத்துச் சென்ற தோள்களையும் எண்ணுவோர் சிலரே. ராஜகிரியின் உச்சிக்குக் கல்லேற்றியவர்கள் யார் என்று கோட்டை காணும் நம் பிள்ளைகள் கேட்பதில்லை. நாம் சொல்லிக் கொடுப்பதுமில்லை.

நம் பங்கு ஆலயங்களின் விழா மலர்களைப் புரட்டினால் இதே அடிவரிதான். ஆலயத்தின் படம், அடியில் அடிக்கல் நாட்டிய ஆயர், கட்டிய பங்குத்தந்தை, நன்கொடையாளர் ஆகியோர் பெயர்கள். கல்வெட்டிலும் அவையே. கொத்தனார், கல்தச்சர், மணல் சுமந்த சித்தாள் பெண்கள், ஞாயிறு மாலைகளில் கூலியின்றி ஏரி மண் சுமந்த சேரி மக்கள் ஆகியோருக்கு இடமில்லை. ஒல்லாந்தச் செதுக்குநராவது தம் பெயரைத் தகட்டில் வைத்துக்கொண்டார். நம் ஆலயங்களைச் செதுக்கியவர்களுக்கு அதுவும் வாய்க்கவில்லை.

இதை மாற்றப் பெரிய ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை. ஆலயம் கட்டிய நாள்களை நினைவில் வைத்துள்ள முதியவர் பல ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். இளைஞர் மன்றத்தார் அவர்கள் பக்கத்தில் அமர்ந்து, யார் சுண்ணாம்பு அரைத்தார்கள், யார் சாரம் கட்டினார்கள், யார் எந்த ஊரிலிருந்து கல் கொண்டு வந்தார்கள் என்று கேட்டு எழுதலாம். அடுத்த விழா மலரில் ஆலயப் படத்தின் கீழ் அப்பெயர்களை அச்சிடலாம். முதியவர்கள் இருக்கும்போதே அதைச் செய்ய வேண்டும்.